வயதானால் மூளைச் செல்கள் தீர்ந்துவிடுமா? பெண்களுக்கு எண்ணிக்கை குறைவு என்பது உண்மையா?

#1 மல்லிகைப்பந்தல்

எல்லோருக்கும் வணக்கம். இதை உடல்நலப் பகுதியில் போடுவதா, அறிவியல் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. இடம் தவறென்றால் மட்டுறுத்துநர் மாற்றிவிடுங்கள்.

என் அம்மாவுக்கு 72 வயது. ஆறேழு மாதமாகச் சின்னச் சின்ன மறதி. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு "எத்தனை விசில் வந்துச்சு?" என்று என்னிடம் கேட்கிறார். முன்பெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே மூன்றாவது விசிலுக்குச் சரியாக எழுந்து போய் அடுப்பை அணைப்பவர். ஒரு விஷயத்தைச் சொன்னால் பத்து நிமிஷம் கழித்து அதையே புதிதாகக் கேட்கிறார்.

போன வாரம் எங்கள் குடும்பக் குழுவில் பெரியப்பா மகன் ஒரு செய்தியை அனுப்பினார். 'முப்பது வயதுக்கு மேல் தினமும் ஒரு லட்சம் மூளைச் செல்கள் இறக்கின்றன. பெண்களுக்கு ஆண்களைவிட 400 கோடி செல்கள் குறைவு. அதனால்தான் பெண்களுக்கு மறதி நோய் அதிகம்.' அம்மாவும் அதைப் படித்துவிட்டார். "எனக்குத் தீர்ந்துபோச்சு போல" என்றார். அன்று சாயங்காலம் வரை யாரிடமும் பேசவில்லை.

இதில் எவ்வளவு உண்மை? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

#2 கரிசல்மண்

எனக்கும் அந்தச் செய்தி வந்தது. எண்கள் சும்மா அடித்துவிட்டவை இல்லை என்று நினைக்கிறேன். டென்மார்க்கில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்று படித்த ஞாபகம். ஆணின் மூளை எடையும் கூடுதல்தானே. கசப்பாக இருந்தாலும் உண்மையை உண்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

#3 ஸ்லைடுபெட்டி

மல்லிகைப்பந்தல், முதலில் அம்மாவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். எதுவும் தீரவில்லை.

நான் ஒரு மருத்துவக் கல்லூரியின் திசு ஆய்வுக்கூடத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூளையைத் துண்டாக்கி, மெழுகில் பதித்து பிளாக் போட்டு, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் சீவி, ஸ்லைடில் ஏற்றிச் சாயம் போடுவதுதான் என் வேலையாக இருந்தது. டாக்டர் இல்லை. அதனால் அம்மாவின் மறதிக்கு என்ன காரணம் என்று நான் சொல்லக் கூடாது. செல்களை எண்ணுவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

கரிசல்மண் சொன்ன டென்மார்க் ஆய்வு உண்மை. 1997ல் வந்தது. பென்டே பாக்கன்பெர்க், ஹான்ஸ் யோர்கன் குண்டர்சன் இருவரும் சேர்ந்து 94 பேரின் மூளைகளை எடுத்துக்கொண்டார்கள். 62 ஆண்கள், 32 பெண்கள். 20 வயதிலிருந்து 90 வயது வரை. பெருமூளையின் மேல் மடிந்து மடிந்து கிடக்கும் புறணியில் உள்ள நியூரான்களை (நரம்புச் செல்களை) எண்ணினார்கள். பெண்களுக்குச் சராசரி 1,900 கோடி, ஆண்களுக்கு 2,300 கோடி. 16 சதவீத வித்தியாசம். ஆக அந்த 400 கோடி என்ற எண் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. 20 வயதுக்கும் 90 வயதுக்கும் நடுவில் ஆணானாலும் பெண்ணானாலும் இழப்பது மொத்தத்தில் சுமார் 10 சதவீதம். எழுபது வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. குடும்பக் குழுவில் வந்த செய்தியில் இந்த வரியைக் காணோம்.

இந்த 10 சதவீதம் ஏன் பெரிய செய்தி என்றால், அதற்கு முன்னால் நிலைமை வேறு. 1955ல் அமெரிக்காவில் ஹரால்ட் பிராடி என்பவர் மூளைச் சீவல்களில் செல்களை எண்ணி, வயதானவர்களுக்கு நியூரான்கள் ஏராளமாகக் குறைகின்றன என்று எழுதினார். அது பாடப்புத்தகம் வரை போய்விட்டது. பிறகு 1980களில் ஜெர்மனியில் ஹெர்பர்ட் ஹௌக் ஒன்றைக் கவனித்தார். ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறி பிளாக்காக மாறும்போது இளைஞரின் மூளை அதிகமாகச் சுருங்குகிறது, முதியவரின் மூளை குறைவாகச் சுருங்குகிறது. சுருங்கிய திசுவில் செல்கள் நெருக்கமாகத் தெரியும். ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை என்று எண்ணினால் இளம் மூளையில் கூடுதலாகத்தான் வரும். செல் செத்ததாக நினைத்த கணக்கில் பெரும் பங்கு இந்தச் சுருக்கம்.

எங்கள் கூடத்தில் இதைக் கையால் உணர்ந்திருக்கிறேன். புதிதாக வரும் மூளை இளநீர் வழுக்கை மாதிரி தளதளவென்று இருக்கும். விரல் பட்டாலே பள்ளம் விழும். ஃபார்மலினில் சில வாரம் கிடந்த பிறகு கெட்டிப் பனீர் போல நின்று வெட்டுப்படும். பத்து மூளை ஒரே டப்பா ஃபார்மலினில் கிடந்தாலும் பத்தும் ஒரே அளவுக்குச் சுருங்காது.

டென்மார்க்காரர்கள் இந்தச் சிக்கலைத் தாண்டியது டிசெக்டர் என்ற முறையால். தடிமனான சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்து, திரையில் ஒரு சதுரச் சட்டம் போடுவார்கள். சட்டத்தின் இரண்டு பக்கம் பச்சைக் கோடு, இரண்டு பக்கம் சிவப்புக் கோடு. சிவப்பைத் தொடும் செல் கணக்கில் இல்லை. அப்புறம் ஃபோகஸ் திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே சீவலின் ஆழத்துக்குள் இறங்க வேண்டும். மங்கலாக இருந்த ஒரு செல் தெளிவாக வந்து நிற்கும் அந்தக் கணத்தில் மட்டும் 'ஒன்று' என்று எண்ண வேண்டும். கல்யாண வீட்டில் பந்தியை எட்டிப் பார்த்துத் தலைகளை எண்ணினால் இடம் மாறி உட்கார்ந்தவர் இரண்டு முறை வருவார். வாசலில் நின்று நுழைபவரை எண்ணினால் ஒருவர் ஒரு முறைதான். அதே தத்துவம். திசு எவ்வளவு சுருங்கியிருந்தாலும் மொத்த எண்ணிக்கை மாறாது.

1984ல் இந்த முறையை அறிவித்த கட்டுரை டி. சி. ஸ்டீரியோ என்ற பெயரில் வந்தது. ஆங்கிலத்தில் டிசெக்டர் என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் வரும் புனைபெயர் அது.

#4 நேர்கோடு

ஸ்லைடுபெட்டி அய்யா, அருமை. நான் கணக்கு வாத்தியார், என் பங்குக்குக் கணக்கு மட்டும் போடுகிறேன்.

2,300 கோடியில் 10 சதவீதம் 230 கோடி. எழுபது வருஷம் என்பது 25,550 நாள். வகுத்தால் நாளுக்குச் சுமார் 90,000. ஒரு நாளில் 86,400 நொடி. ஆக நொடிக்குச் சுமார் ஒரு செல். பெண்ணுக்கு அதே 10 சதவீதம் என்றால் 190 கோடி, நாளுக்கு 74,000 சொச்சம். குழுவில் வந்த 'ஒரு லட்சம்' இதை மேலே தூக்கிப் போட்ட எண்.

கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். ஒருவரிடம் 1,900 கோடி ரூபாய் இருக்கிறது. நொடிக்கு ஒரு ரூபாய், இரவும் பகலும் நிற்காமல் செலவு செய்கிறார். கையிருப்பு தீர எத்தனை காலம் ஆகும்? 600 வருஷம்.

#5 கரிசல்மண்

கணக்கு சரி. ஆனால் 16 சதவீத வித்தியாசம் அப்படியே நிற்கிறதே, அதை யாரும் தொடவில்லை. ஆணின் உடம்பு பெரிது, அதனால் மூளையும் பெரிது என்று சமாதானம் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு யாரையும் மட்டம் தட்ட வேண்டும் என்ற எண்ணம் இல்லை. என் இரண்டு பெண்களும் என்னைவிடப் படித்தவர்கள். ஆனாலும் 400 கோடி செல் ஒரு இடத்தில் கூடுதலாக இருந்தால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டாமா?

#6 ஸ்லைடுபெட்டி

நியாயமான கேள்வி. நேராகவே பதில் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் எதிர்பார்த்த சமாதானம். அது நிற்காது. டென்மார்க் ஆய்வில் உடலின் அளவையும் சேர்த்துப் பார்த்தார்கள். நியூரான் எண்ணிக்கையை மாற்றியவை பாலினமும் வயதும்தான். உடலின் அளவுக்கு என்று தனியாக எந்தப் பங்கும் தெரியவில்லை. ஆகவே வித்தியாசம் உண்மையானது, அதை மறைக்க வேண்டியதில்லை.

2008ல் அதே குழு 31 மூளைகளில் நியூரான்களோடு அவற்றுக்குத் துணை நிற்கும் துணைச் செல்களையும் எண்ணியது. 18 பெண்கள், 13 ஆண்கள். இரண்டையும் கூட்டினால் புறணியில் பெண்களுக்கு 4,930 கோடி, ஆண்களுக்கு 6,520 கோடி. அங்கேயும் ஆண்களுக்குத்தான் கூடுதல்.

ஆனால் சராசரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உடல்நலத்தோடு வாழ்ந்த மனிதர்களுக்குள்ளேயே ஒருவருக்கும் இன்னொருவருக்கும் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. அதன் பக்கத்தில் 16 சதவீதம் சின்னது. ஒரு மூளையின் எண்ணிக்கையை மட்டும் உங்கள் கையில் கொடுத்து, ஆணா பெண்ணா என்று கேட்டால் அடிக்கடி தவறாகச் சொல்வீர்கள்.

இரண்டாவது, கூடுதல் செல் என்றால் கூடுதல் அறிவா? நீள்துடுப்பு பைலட் திமிங்கலத்தின் புறணியில் 3,720 கோடி நியூரான்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. நம்மைவிட அதிகம். ஆப்பிரிக்க யானையின் மூளை முழுவதையும் எடுத்தால் 25,700 கோடி, நம்மைப் போல மூன்று மடங்கு. ஆனால் அதன் பெருமூளைப் புறணியில் 560 கோடிதான். எண்ணிக்கையோடு அது எந்த இடத்தில் இருக்கிறது, எதோடு இணைந்திருக்கிறது என்பதும் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பால் ப்ரோகா பிரேதப் பரிசோதனையில் மூளைகளை எடை போட்டார். 292 ஆண்களின் சராசரி 1,325 கிராம், 140 பெண்களின் சராசரி 1,144 கிராம். வித்தியாசம் 181 கிராம். பேச்சுக்கான மூளைப் பகுதியைக் கண்டுபிடித்த பெரிய மனிதர் அவர். தராசில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த 181 கிராமை வைத்து, பெண்கள் அறிவில் ஓரளவு குறைந்தவர்கள் என்ற முடிவுக்குப் போனார். தராசு அதைச் சொல்லவில்லை, அவர் காலம் சொன்னது. ஐன்ஸ்டைனின் மூளை 1,230 கிராம். ப்ரோகா எடை போட்ட ஆண்களின் சராசரியைவிடக் குறைவு.

மூன்றாவது, மூளை முழுவதும் ஒரே மாதிரி இல்லை. பிரேசிலில் வேறு ஒரு முறையால் எண்ணுகிறார்கள். ரியோ டி ஜெனிரோவில் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல், ராபர்ட்டோ லென்ட் ஆகியோரின் வழி. திசுவைச் சீவுவதே கிடையாது. சின்னத் துண்டுகளாக வெட்டி, சோப்புத் தன்மையுள்ள கரைசலில் போட்டு, கண்ணாடிக் குழலுக்குள் கண்ணாடி உலக்கையால் அரைப்பார்கள். செல்லின் சவ்வு உடையும், உட்கரு மட்டும் உடையாமல் மிதக்கும். அரைத்த உளுந்தைத் தண்ணீர் விட்டுக் கலக்கியது போன்ற திரவம். ஒரு செல்லுக்கு ஒரு உட்கரு, அதனால் உட்கருவை எண்ணினால் போதும். எல்லா உட்கருவுக்கும் நீலச் சாயம். நியூரானின் உட்கருவில் மட்டும் ஒட்டும் இன்னொரு சாயம். துளி எடுத்து, கட்டம் போட்ட ஸ்லைடில் விட்டு எண்ணுவார்கள். ரத்த அணு எண்ணும் அதே ஸ்லைடு.

2009ல் இந்த முறையில்தான் மனித மூளை முழுவதற்கும் 8,600 கோடி நியூரான் என்ற எண் வந்தது. அதில் சிறுமூளையில் மட்டும் 6,900 கோடி, பெருமூளைப் புறணியில் 1,600 கோடி (முறையும் மூளைகளும் வேறு, டென்மார்க் எண்ணோடு அப்படியே பொருந்தாது). ஒரு நியூரானுக்குப் பத்து துணைச் செல் என்று நாங்கள் படித்த பாடமும் அத்தோடு போனது. ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றுதான். ஆனால் அந்த 8,600 கோடி நான்கே நான்கு மூளைகளிலிருந்து வந்தது. நான்கும் ஆண்கள், 50 வயதுக்குக் குறைந்தவர் யாரும் இல்லை. 'மனித மூளை' என்று நாம் சொல்லும் எண்ணில் ஒரு பெண்கூட இல்லை. எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

அதே வழியில் வந்த குழு 2016ல் வயதையும் பாலினத்தையும் நேரடியாகவே எடுத்துக்கொண்டது. நினைவுக்கு முக்கியமான உள்பொட்டுப் பகுதியில் (ஹிப்போகாம்பஸ் இருக்கும் இடம்) ஆண்களுக்கு 52.5 கோடி நியூரான், பெண்களுக்கு 34.7 கோடி. சிறுமூளையில் வித்தியாசமே இல்லை, வயதாலும் குறையவில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, மோப்பத்துக்கான குமிழை எண்ணினார்கள். அங்கே பெண்களுக்குச் சுமார் 49 சதவீதம் அதிக நியூரான். 18 மூளைகள்தான், கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் கரிசல்மண், கூடுதல் செல்லுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்றால் இந்த 49 சதவீதத்துக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

#7 நடுநிசி

கல்லூரி மாணவன். இரண்டு கேள்வி. குடித்தால் மூளைச் செல் சாகும் என்கிறார்களே, அது? அப்புறம் புதுச் செல் பிறக்குமா பிறக்காதா?

#8 ஸ்லைடுபெட்டி

தம்பி, முதல் கேள்விக்கு அதே பாக்கன்பெர்க் 1993ல் இன்னொருவருடன் சேர்ந்து பதில் தேடினார். நீண்ட காலம் அளவுக்கு மீறிக் குடித்தவர்களின் மூளையில் புறணி நியூரான்களை எண்ணினால் மற்றவர்களோடு பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வெள்ளைப் பகுதி, அதாவது இணைப்புக் கம்பிகள் ஓடும் பகுதி குறைந்திருந்தது. குடிக்கலாம் என்று இதற்குப் பொருள் கிடையாது. கம்பி போனால் செல் இருந்தும் பயன் குறைவு.

இரண்டாவது கேள்வியில் சண்டை இன்னும் முடியவில்லை. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன் 14 ஏறி, 1963 சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு இறங்கியது. ஒரு செல் எந்த வருஷம் பிறந்ததோ அந்த வருஷத்துக் கார்பன் அதன் டிஎன்ஏவில் பதிந்திருக்கும். ஸ்வீடனில் இதை அளந்து, ஹிப்போகாம்பஸில் ஒரு பக்கத்துக்கு நாளுக்கு 700 புது நியூரான் பிறப்பதாக 2013ல் சொன்னார்கள். 2018ல் ஒரு குழு பெரியவர்களுக்குப் பிறப்பதாகவே தெரியவில்லை என்றது. சில வாரங்களில் இன்னொரு குழு முதுமையிலும் பிறக்கிறது என்றது. புறணியில் விஷயம் தெளிவு. அதே கார்பன் கணக்கில் புறணி நியூரான்களுக்கு அந்த மனிதரின் வயதேதான். அம்மாவின் 72 வயது நியூரான்கள் அவரோடு பிறந்தவை.

#9 ஸ்லைடுபெட்டி

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். மேலே கம்பி என்று எழுதியபோதுதான் ஞாபகம் வந்தது.

2003ல் அதே டென்மார்க் குழு செல்களை விட்டு, மூளைக்குள் ஓடும், மையலின் என்ற கொழுப்பு உறை போட்ட நரம்பு இழைகளின் மொத்த நீளத்தை அளந்தது. 20 வயது ஆணுக்கு 1,76,000 கிலோமீட்டர். 20 வயது பெண்ணுக்கு 1,49,000. பூமியை ஏறக்குறைய நாலு சுற்று சுற்றலாம். 80 வயதில் ஆணுக்கு 97,200, பெண்ணுக்கு 82,000.

செல்லில் எழுபது வருஷத்துக்கு 10 சதவீதம் போகிறது. இழையில் அறுபது வருஷத்துக்கு 45 சதவீதம் போகிறது. வயதானால் மூளையில் நடக்கும் பெரிய மாற்றம் இதுதான். வீடுகள் நிற்கின்றன, தெருக்கள் குறைகின்றன. இழைக்கு உறை போடும் ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற துணைச் செல்லும் 2008 எண்ணிக்கையில் வயதோடு 27 சதவீதம் குறைந்திருந்தது, இதோடு பொருந்துகிறது. 80 வயது ஆணுக்கு 20 வயதுப் பெண்ணைவிட 50,000 கிலோமீட்டருக்கு மேல் குறைவு. அந்தத் தாத்தாவைப் பார்த்து அறிவு குறைந்தவர் என்று யாரும் சொல்வதில்லை, பேச்சு நிதானமாகிவிட்டது என்கிறோம்.

இன்னொன்று, முதுமை வேறு, அல்சைமர் என்ற மறதி நோய் வேறு. இரண்டும் ஒரே சாலையில் முன்னே பின்னே நிற்பவை இல்லை. ஹிப்போகாம்பஸில் சிஏ1 என்ற பகுதியை 1994ல் எண்ணியபோது, நோயில்லாத முதியவர்களுக்கு அங்கே இழப்பு ஏறத்தாழ இல்லை. அல்சைமர் வந்தவர்களுக்கு மிகப் பெரிய இழப்பு. 1996ல் ஹிப்போகாம்பஸை ஒட்டிய எண்டோரைனல் புறணியின் இரண்டாம் அடுக்கைப் பார்த்தார்கள். நலமாக இருந்தவர்களுக்கு அறுபது வயதிலிருந்து தொண்ணூறு வரை எண்ணிக்கை அப்படியே இருந்தது. மிக ஆரம்ப நிலை நோயிலேயே 60 சதவீதம் போயிருந்தது.

அந்த இரண்டாம் அடுக்கு ஸ்லைடில் பார்க்க மிக அழகு. ஊதாச் சாயத்தில் பெரிய நியூரான்கள் கொத்துக் கொத்தாக, நடவு வயலில் நாற்று முடிச்சுகளை அங்கங்கே போட்டு வைத்த மாதிரி தெரியும். 88 வயதுப் பாட்டி ஒருவரின் ஸ்லைடு, வேறு நோயில் இறந்தவர். முடிச்சுகள் அத்தனையும் இருந்தன. அதற்கடுத்து வந்தது எழுபது தாண்டாத ஒரு அல்சைமர் நோயாளியுடையது. வயல் காலி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

#10 துளசிமாடம்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஸ்லைடுபெட்டி அண்ணா கடைசியில் சொன்னதால் எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு 69 வயதில் மறதி ஆரம்பித்தது. ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். "வயசாயிடுச்சில்ல, பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வரும்" என்று சொல்லி ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை. நாங்களும் நம்பிவிட்டோம். ஒன்றரை வருஷம் கழித்து வேறு இடத்தில் பார்த்தபோது தைராய்டு மிக மோசமாகக் குறைந்திருந்தது. மாத்திரை ஆரம்பித்த பிறகு நிறையத் திரும்பி வந்தது. எல்லாம் வரவில்லை. அந்த ஒன்றரை வருஷத்தில் அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார், சீட்டுக் கணக்குப் பார்ப்பதை நிறுத்தினார், பிறகு சமையலறைக்கே வருவதை நிறுத்தினார். அதெல்லாம் திரும்பவில்லை.

மல்லிகைப்பந்தல், அம்மாவை ஒரு நல்ல பொது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு, பி12, சர்க்கரை, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், தூக்கம், மனச்சோர்வு, கண், காது. இவ்வளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

பெண்களுக்கு மறதி நோய் அதிகம் என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு 400 கோடி செல் காரணம் என்று யாரும் காட்டவில்லை. பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், இந்த நோய்க்கு வயதுதான் பெரிய காரணம். 2024ல் லான்செட் மருத்துவ இதழின் குழு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. இளமையில் படிப்பு கிடைக்காதது, காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. என் மாமியாரை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், தம்பியைப் படிக்க வைத்தார்கள். பெண் மூளையில் என்ன குறைவு என்று எண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

#11 நேர்கோடு

ஒரு சந்தேகம். எல்லாம் டென்மார்க் மூளை, பிரேசில் மூளை. நம் ஊர் எண்கள் உண்டா?

#12 ஸ்லைடுபெட்டி

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. குடும்பத்தார் சம்மதத்தோடு கொடுக்கும் மூளைகளைப் பாதுகாத்து ஆய்வுக்குத் தருகிறார்கள். சென்னை ஐஐடியில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் கருவில் வளரும் சிசுவின் மூளைக்கு வரைபடம் வெளியிட்டது. 5,132 சீவல்கள், ஒவ்வொரு செல்லும் தெரியும் துல்லியம். 1997 டென்மார்க் கட்டுரை எந்தச் சஞ்சிகையில் வந்ததோ அதிலேயே இதுவும் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இத்தனை சீவலையும் கிழியாமல் எடுத்த கைகள் யாருடையவை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு சீவல் சுருண்டால் போதும், திருப்பி ஒட்ட முடியாது.

20 வயதிலிருந்து 90 வரை நம் பெண்கள், நம் ஆண்கள் என்று எண்ண வேண்டுமானால் மூளைகள் வேண்டும். நான் என்னுடையதைக் கொடுக்க எழுதி வைத்துவிட்டேன். மகளுக்கு முதலில் சம்மதம் இல்லை, பிறகு ஒத்துக்கொண்டாள்.

#13 கரிசல்மண்

முழுவதும் படித்தேன். வித்தியாசம் இருக்கிறது என்று நான் சொன்னது சரி. அதற்குப் பொருள் சொல்லத் துணிந்தது அவசரம். அந்தச் செய்தியை நானும் இரண்டு குழுவில் அனுப்பியிருந்தேன். 10 சதவீதக் கணக்கையும் நேர்கோடு சாரின் ரூபாய்க் கணக்கையும் அதே குழுக்களில் போட்டுவிட்டேன்.

#14 மல்லிகைப்பந்தல்

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

இந்தத் திரியை அம்மாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். 600 வருஷம் என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை கேட்டார். துளசிமாடம் அக்கா சொன்ன பட்டியலை எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். பி12 குறைவு, ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். தைராய்டு சரியாக இருக்கிறது. நினைவுச் சோதனை ஒன்று வைத்தார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

காதுப் பரிசோதனைதான் நான் எதிர்பார்க்காதது. இரண்டு காதிலும் கீச்சென்ற ஒலிகள் கேட்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் வந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி நேரம் அம்மா பொத்தானில் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எப்போது வரும் என்று கேட்பது போல.

ஆறு மாதமாக விசிலை மறக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். கருவிக்கு அளவு கொடுத்திருக்கிறோம், அடுத்த செவ்வாய் வருகிறது. ஸ்லைடுபெட்டி அய்யா, மூளை கொடுக்க எங்கே எழுதி வைப்பது என்று அம்மா கேட்கிறார். விவரத்தைத் தனிமடலில் அனுப்ப முடியுமா?